பத்து கிலோவைத் தூக்கும் வேலை

மல்லாந்து படுத்தபடி ஒரு காலை மடக்காமல் மேலே தூக்கும்போது நாம் தூக்குவது ஏறக்குறைய 10 கிலோ. உடல் எடையில் ஒரு காலின் பங்கு சுமார் 16 சதவீதம் என்பது உடலியக்க ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 9.6 கிலோ வரும். அந்த எடையின் மையம் முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கிறது. தூக்குகிற முக்கியத் தசையோ இடுப்பு மூட்டுக்கு வெகு அருகில், தொடை எலும்பின் உட்புறத்தில் ஒரு சிறு முண்டில் போய்ப் பிடித்திருக்கிறது. கனமான கதவைக் கீல் ஓரத்தில் கைவைத்துத் தள்ளுவது போன்ற நிலைமை அது. காலின் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு அந்தத் தசை இழுத்தால்தான் கால் எழும்பும். ஆரோக்கியமானவருக்கு இது ஒரு வேலையாகவே தெரியாது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள பலருக்கு இதுதான் நாளின் பெரிய வேலை.

நடக்கும்போது கணக்கு கொஞ்சம் மாறுகிறது. ஒரு காலின் ஒரு சுற்றில் சுமார் 60 சதவீத நேரம் பாதம் தரையில் ஊன்றியிருக்கிறது. மீதி 40 சதவீதம் காற்றில் முன்னோக்கி வீசப்படுகிறது. சாதாரண வேகத்தில் அந்த வீச்சுக்குக் கிடைப்பது அரை வினாடிக்கும் குறைவு. அதற்குள் மூன்று மூட்டுகள் ஒத்துழைக்க வேண்டும். இடுப்புத் தசை தொடையை முன்னே உந்தித் தொடங்கிவைக்கிறது. அந்த உந்தலில் முழங்கால் பெரும்பாலும் தானாகவே 60 பாகை அளவுக்கு மடங்குகிறது. கணுக்காலில் பாதம் மேல்நோக்கி நிமிர்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து கால் நீளத்தைக் குறைத்தும்கூட, வீச்சின் நடுவில் கால்விரல் நுனிக்கும் தரைக்கும் இடையே மிஞ்சுவது ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர்தான். பாதம் மிக வேகமாக முன்னே பாயும் கணமும் ஏறக்குறைய அதே கணம்தான். மூன்று மூட்டுகளில் எது கொஞ்சம் குறை வைத்தாலும் அந்த இடைவெளி காணாமல் போகும். தரைவிரிப்பின் ஓரமோ வாசற்படியோ கால்விரலைப் பிடித்துக்கொள்ளும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸை ஒரு தனி நோயாக 1868இல் பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் வரையறுத்துக் காட்டியவர் ழான் மார்ட்டின் ஷார்க்கோ. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பு இழைகளின் மயலின் உறையைத் தாக்குகிறது. தாக்கிய இடங்களில் தழும்பு விழுகிறது. 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் சுமார் 29 லட்சம் பேர் இந்நோயோடு வாழ்கிறார்கள். பெரும்பாலோர் 20 முதல் 40 வயதுக்குள் நோயை அறிந்துகொண்டவர்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். மயலின் நல்ல நிலையில் இருக்கும் தடித்த இழையில் செய்தி வினாடிக்கு 100 மீட்டர் வரை பாய்கிறது. உறை சிதைந்தால் அது தாமதமாகிறது, சிதறுகிறது, சில இழைகளில் நின்றே போகிறது. காலுக்குப் போகும் கட்டளை மூளை உச்சியிலிருந்து தண்டுவடம் நெடுக இறங்கியாக வேண்டும். கைக்கான பாதையைவிட அது நீளம். வழியில் தழும்பு குறுக்கிடும் வாய்ப்பும் அதனால் கூடுதல்.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதை பழுதாகும்போது காலின் எல்லாத் தசைகளும் ஒரே அளவில் தளர்வதில்லை. இடுப்பை மடக்கும் தசை, முழங்காலை மடக்கும் தசை, பாதத்தை நிமிர்த்தும் தசை ஆகிய மூன்றும் முதலில் வலு இழக்கின்றன. உடலைத் தாங்கி நிறுத்தும் தசைகள், அதாவது முழங்காலை நேராக்குவதும் கெண்டைக்காலும், அந்த அளவுக்குத் தளர்வதில்லை. பலருக்கு அவை விறைத்தும் போகின்றன. காலைத் தூக்கும் அணி சோர்ந்திருக்கும் அதே நேரத்தில் எதிரணி இறுக்கிப் பிடிக்கிறது. அதனால்தான் ஒருவரால் அந்தக் காலில் ஊன்றி நிற்க முடிகிறது, ஆனால் அதைத் தூக்கி வைக்க முடியவில்லை. 'நல்லாத்தானே நிக்கிறீங்க' என்று பக்கத்திலிருப்பவர்கள் கேட்பது இதனால்தான். நிற்பதும் தூக்குவதும் வேறு வேறு தசைகளின் வேலை என்பது வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை. இந்தக் கேள்வியால் எத்தனையோ பேர் மனம் நொந்திருப்பார்கள்.

உடல் சும்மா இருப்பதில்லை. தூக்க முடியாத காலை எப்படியாவது முன்னே கொண்டுவர மாற்று வழி தேடுகிறது. அந்தப் பக்கத்து இடுப்பை மேலே சுண்டி இழுக்கும். காலைப் பக்கவாட்டில் அரைவட்டமாகச் சுழற்றும். நல்ல காலின் முன்பாதத்தில் எம்பும். இவை விழாமல் காப்பாற்றுகின்றன, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் ஆற்றலைத் தின்கின்றன. களைப்பே நோயின் முக்கிய அறிகுறியாக இருக்கும் ஒருவருக்கு இந்தச் செலவு எத்தகையது என்று எண்ணிப் பார்க்கலாம். காலைத் தூக்க உதவும் கருவி எதுவானாலும் அதன் முதல் வேலை இந்தச் செலவைக் குறைப்பது.

முதலில் எல்லோர் கண்ணிலும் படுவது பாதம். நுனி தொங்கித் தரையைத் தேய்க்கிறது, ஒரே பக்கத்துச் செருப்பு முன்னால் தேய்கிறது. எளிய தீர்வு கணுக்காலுக்கு மேலே ஒரு பட்டை, அதிலிருந்து ஷூவின் கயிற்றுக்கு ஓர் எலாஸ்டிக் வார். லேசான தொய்வுக்கு இதுவே போதும். அடுத்த கட்டம் கணுக்காலையும் பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி. பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் தகட்டைச் சூடாக்கி, காலின் அச்சில் வளைத்துச் செய்கிறார்கள். கெண்டைக்காலுக்குப் பின்னால் இறங்கி உள்ளங்காலுக்கு அடியில் போகும் 'ட' வடிவம், ஷூவுக்குள் மறைந்துவிடும். கார்பன் ஃபைபரில் செய்தது இன்னும் லேசு, பாதம் ஊன்றும்போது வளைந்து, எழும்போது கொஞ்சம் திருப்பி உந்தவும் செய்யும்.

தாங்கியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மிக விறைப்பான தாங்கி கணுக்காலைப் பூட்டிவிடுவதால், அந்த விசை முழங்காலுக்குப் போய் அதை முன்னோ பின்னோ தள்ளும். ஏற்கெனவே முழங்கால் பின்னோக்கி வளையும் பழக்கம் உள்ளவருக்குக் கோணம் சரியில்லாத தாங்கி தொந்தரவை அதிகமாக்கும். இரண்டாவது, எடை. இடுப்பு மூட்டிலிருந்து மிகத் தொலைவில், காலின் கடைசி முனையில் ஏறும் ஒவ்வொரு 100 கிராமும் இடுப்புத் தசைக்குப் பல மடங்காகக் கனக்கும். பாதத்தை மட்டும் பார்த்துத் தாங்கி எழுதிக் கொடுத்து, இடுப்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சோதிக்காமல் விட்டால், விரல் நுனி நிமிர்ந்த பாதத்தோடு கால் முழுவதும் தரையிலேயே நிற்கும். வாங்கிய தாங்கியை ஒரு மாதத்தில் அலமாரியில் போட்டுவிடுபவர்களைச் சோம்பேறிகள் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவர்களுடைய இடுப்பு அந்தக் கருவியைத் தூக்க மறுத்திருக்கலாம்.

பாதத்தைத் தகட்டால் பிடிப்பதற்குப் பதிலாக அதன் தசையையே வேலை செய்ய வைக்கலாம் என்ற யோசனை 1961இல் அமெரிக்காவில் விளாதிமிர் லிபர்சன் வெளியிட்ட ஆய்வில் வந்தது. பக்கவாதத்தால் பாதம் தொங்கியவர்களின் குதிகாலுக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்தார். குதிகால் தரையை விட்டு எழுந்தவுடன் சுற்று இணைந்து, முழங்காலுக்குக் கீழே உள்ள நரம்புக்குச் சிறு மின்துடிப்புகள் போகும், பாதம் நிமிரும். குதிகால் மறுபடி ஊன்றியதும் நின்றுவிடும். இங்கிலாந்தின் தெற்கில் சாலிஸ்பரி மாவட்ட மருத்துவமனைக் குழுவினர் இதைச் சட்டைப்பையில் அடங்கும் பெட்டியாக வளர்த்தெடுத்து, 'ஒட்ஸ்டாக்' என்ற பெயரில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இந்தக் கருவி இந்நோயில் வேலை செய்யக் காரணம் உண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் தாக்குவது மூளையையும் தண்டுவடத்தையும். தண்டுவடத்திலிருந்து வெளியேறித் தசைக்குப் போகும் நரம்பு பெரும்பாலும் முழுதாகவே இருக்கிறது. மேலிருந்து கட்டளை வராததால் சும்மா கிடக்கும் அந்த நரம்புக்கு வெளியிலிருந்து கட்டளை கொடுக்கிறது கருவி. விபத்திலோ முதுகுத் தட்டு விலகலிலோ நரம்பே பழுதாகித் தொங்கும் பாதத்துக்கு இது பயன்படாது.

மாட்டிக்கொள்வதைக் கிட்டே இருந்து பார்த்தால் புரியும். முழங்காலின் வெளிப்புறம், கெண்டைக்கால் எலும்பின் தலை விரலுக்குத் தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே நரம்பு தோலுக்கு மிக அருகில் வளைந்து செல்கிறது. ஒட்டும் பசையுள்ள ஓர் எலெக்ட்ரோடு அங்கே. இன்னொன்று முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசையின்மேல். மின்துடிப்பு வினாடிக்கு 40 போல வைத்து, அளவை மெல்ல ஏற்றுவார்கள். முதலில் ஊசி குத்துவது போன்ற குறுகுறுப்பு. பிறகு திடீரென்று பாதம் தானாக எழும். எலெக்ட்ரோடு ஒரு சென்டிமீட்டர் விலகினால் போதும், பாதம் நேராக எழாமல் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பும். முதல் சில நாட்கள் இந்த இடத்தைத் தேடுவதிலேயே பொறுமை தீரும். பழகிய பிறகு தோலில் பேனாவால் குறித்துவைத்துக்கொள்பவர்களும் உண்டு.

எந்த அளவுக்கு உதவும்? 2009இல் சாலிஸ்பரி குழு வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நேர்மையான விடை தருகிறது. நோய் படிப்படியாக முற்றும் கட்டத்தில் இருந்த 53 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மின்தூண்டல் கருவியும் மறுபாதிக்கு வீட்டில் செய்யும் உடற்பயிற்சியும் கொடுத்து, 18 வாரம் கவனித்தார்கள். கருவி அணிந்தவர்கள் அதை இயக்கி நடக்கும்போது வேகமாக நடந்தார்கள்; அணைத்தால் பழையபடிதான். பயிற்சி செய்தவர்களின் நடைதான் கருவி ஏதும் இல்லாமல் தேறியது. அவ்வளவோடு நின்றிருந்தால் கருவி தோற்றது என்று எழுதியிருப்பார்கள். ஆனால் அதே மக்களின் அன்றாட வாழ்க்கையைக் கேட்டறிந்து 2010இல் வந்த தொடர் ஆய்வில், அந்த 18 வாரத்தில் ஒருவர் விழுந்த எண்ணிக்கையின் இடைநிலை அளவு பயிற்சிக் குழுவில் 18, கருவிக் குழுவில் 5. ஒவ்வொரு விழுதலுக்கும் பின்னால் ஒரு மணிக்கட்டு முறிவோ, வெளியே போகவே பயப்படும் சில வாரங்களோ இருக்கலாம். என்னைக் கேட்டால் இந்த இரண்டு எண்கள் வேகத்தைவிடப் பெரியவை. பயிற்சியையும் கருவியையும் எதிரெதிராக வைத்தது ஆய்வின் தேவைக்காக. வாழ்க்கையில் இரண்டையும் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் 2009 ஜனவரியில், மூளை, தண்டுவடப் பழுதால் தொங்கும் பாதத்துக்கு இந்த முறையைப் பயன்படுத்தப் போதிய சான்று இருப்பதாகச் சொன்னது.

தாங்கியா, மின்தூண்டலா என்று நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வும் இருக்கிறது. 2019இல் வெளியான அதில் 85 பேர் பங்கேற்றனர். நடை வேகத்திலும் நடக்கும் சிரமத்திலும் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே உதவின. இரு குழுவிலும் நடுவில் விலகியவர்கள் நிறைய. அதனால் விலை உயர்ந்தது என்பதற்காக மட்டும் மின்கருவியின் பின்னால் ஓட வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கணுக்காலோடு நிற்கிறது. பாதம் கண்ணில் படுவதாலோ என்னவோ, ஆய்வுகளும் கடைகளும் அதையே சுற்றுகின்றன. தொடையைத் தூக்கும் தசைக்கு மின்தூண்டல் வழி எளிதாக இல்லை. அது வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் கிடக்கிறது. தோலில் ஒட்டிய எலெக்ட்ரோடால் எட்டிப் பிடிக்க முடியாது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் உள்ள மெல்லன் மையத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. இடுப்பில் ஓர் அகலமான பெல்ட். அதிலிருந்து தொடைக்கும் காலுக்கும் முன்பக்கமாக இறங்கும் இரண்டு எலாஸ்டிக் பட்டைகள். அவற்றின் கீழ்முனை ஷூவின் கயிற்றில் ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும்.

வேலை செய்யும் விதத்தில்தான் இதன் அழகு. நடையில் பின்தங்கும் கால் உடலுக்குப் பின்னால் நீளும்போது பட்டை இழுபடுகிறது. நிற்கும் தசைகளுக்குத்தான் வலு மிஞ்சியிருக்கிறது என்று முன்பே பார்த்தோம். உடலை முன்னே நகர்த்தும் அந்த வலுவில் ஒரு பங்கு எலாஸ்டிக்கில் சேமிப்பாகிறது. பாதம் தரையை விடும் கணத்தில் பட்டை சுருங்கி, தொடையையும் முழங்காலையும் பாதத்தையும் ஒரே நேரத்தில் முன்னே இழுக்கிறது. மீந்த வலுவை எடுத்து இல்லாத இடத்தில் கொடுக்கும் ஏற்பாடு. 2008இல் வெளியான ஆய்வில் ஒரு பக்க இடுப்பு தளர்ந்த 21 பேர் இதை 12 வாரம் அணிந்து பார்த்தார்கள். நடை வேகமும், 6 நிமிடத்தில் கடந்த தூரமும் கூடின. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு ஆய்வு அது. ஆகையால் முடிந்த முடிபாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் தொடை எழவில்லை என்று சொல்பவர்களிடம் பாதத்துக்கு மட்டும் தாங்கி கொடுத்து அனுப்புவதைவிட இந்தத் திசையில் யோசிப்பது நல்லது. பட்டையை அதிகம் இறுக்கினால் நடை துள்ளலாகி நல்ல பக்கம் தடுமாறும். பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவதே முறை.

நடைக்கு வெளியேயும் காலைத் தூக்க வேண்டியிருக்கிறது. கட்டிலில் ஏற, காரில் உட்கார, சக்கர நாற்காலியின் கால்தட்டில் பாதத்தை வைக்க. இங்கே வீச்சின் உதவி கிடையாது. முழு எடையையும் நேராகத் தூக்க வேண்டும். இதற்கான கருவி மிக எளியது: ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள கெட்டியான நாடா. ஒரு முனையில் கைக்கு ஒரு வளையம், மறுமுனையில் பாதத்துக்குப் பெரிய வளையம். நாடாவுக்குள் வளைக்கக்கூடிய உலோகக் கம்பியோ விறைப்பான தகடோ வைத்துத் தைத்திருப்பார்கள். விஷயமே அந்தக் கம்பியில்தான் இருக்கிறது. துண்டையோ துப்பட்டாவையோ வைத்து இதைச் செய்ய முயன்றவர்களுக்குத் தெரியும்: துணி வளையம் சுருங்கி விழுந்துவிடும், குனிந்து பாதத்தை உள்ளே நுழைக்க வேண்டும், குனிய முடியாததுதானே பிரச்சினை. விறைப்பான வளையம் வாய் திறந்தே நிற்கும். நிமிர்ந்து உட்கார்ந்தபடி பாதத்தின் முன்னால் நீட்டி, விரல் நுனியில் மாட்டி, நடுப்பாதம் வரை இழுத்துக்கொள்ளலாம்.

ஆரம்பத்தில் சொன்ன 10 கிலோ இங்கே பாதியாகிறது. எடையின் மையம் முழங்காலுக்கு அருகில். நாம் இழுப்பதோ பாதத்தில், இடுப்பிலிருந்து அதைப் போல இரு மடங்கு தொலைவில். ஆகவே நேர் மேலாக இழுக்கும் கைக்கு வருவது சுமார் 4.5 கிலோ. சாய்வாக இழுத்தால் கூடும். காரில் ஏறுவதற்கு வழி இதுதான்: முதலில் பின்புறத்தை இருக்கையில் வைத்து உட்கார்ந்து, இரண்டு காலும் வெளியே இருக்க, நாடாவை மாட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டே காலை உள்ளே கொண்டுவருவது. உடம்பின் சாய்வே பாதி வேலையைச் செய்யும். கையின் பலத்தால் மட்டும் வெடுக்கென்று இழுத்தால் தோள் வலியோடு இன்னொரு தொல்லையும் வரும்: விறைத்த தசை திடீர் இழுப்புக்கு எதிராக மேலும் இறுகும். மெதுவாக இழுத்தால் அது தளர்ந்து கொடுக்கும். கையும் தளர்ந்தவர்களுக்குக் கட்டில் ஓரத்தில் மோட்டாரில் ஏறியிறங்கும் தட்டு உண்டு. காலை அதில் வைத்தால் மெத்தை உயரத்துக்குத் தூக்கிவிடும்.

மோட்டார் பொருத்திய முழு உடல் வெளிக்கூடுகளைப் பற்றிச் செய்திகளில் நிறைய வருகிறது. எக்ஸோ நிறுவனத்தின் வெளிக்கூட்டை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களின் பயிற்சிக்குப் பயன்படுத்த, அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அமைப்பு 2022இல் அனுமதித்தது. மறுவாழ்வு மையத்தில் சிகிச்சையாளர் பக்கத்திலிருக்க அணிவது அது. வீட்டு வாசலைத் தாண்ட உதவுவது அல்ல.

மாத்திரை ஒன்றும் இந்த வரிசையில் சேரும். உறை இழந்த இழையிலிருந்து பொட்டாசியம் அயனி கசிவதைத் தடுத்துச் செய்தியைக் கடக்கவைக்கும் ஃபாம்ப்ரிடின், நடையை மேம்படுத்த 2010 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் தெளிவான பலன். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குக் கூடாது.

நம் ஊர்க்காரர்கள் தனியாக யோசிக்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று ஷூ. மேலே பார்த்த கருவிகளில் பெரும்பாலானவை ஷூ போட்டு வீட்டுக்குள் நடக்கும் நாடுகளில் பிறந்தவை. தாங்கி ஷூவுக்குள் நிற்கும், எலாஸ்டிக் ஷூ கயிற்றில் மாட்டும், குதிகால் சுவிட்ச் ஷூவின் உள்தகட்டில் இருக்கும். வெறுங்காலோடு நடமாடும் வீட்டில் இவை பாதி நாள் சும்மா கிடக்கும். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி லேசான ஷூ ஒதுக்கிக்கொள்வது ஒரு வழி. மின்தூண்டல்தான் வேண்டுமென்றால், குதிகால் சுவிட்சுக்குப் பதில் முழங்காலின் கீழே கட்டும் பட்டையிலேயே சாய்வுமானி வைத்த 'வாக்எய்ட்' போன்றவை இருக்கின்றன; கால் எந்தக் கோணத்தில் சாய்கிறது என்று பார்த்தே அது துடிப்பைத் தொடங்கும், ஷூ தேவையில்லை.

இன்னொன்று வெயில். ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் 1890இல், உடற்பயிற்சிக்குப் பிறகு சில நோயாளிகளின் பார்வை சற்று நேரம் மங்கித் தெளிவதைப் பதிவுசெய்தார். பின்னர் புரிந்தது: உறை சிதைந்த இழையில் உடல் வெப்பம் அரை பாகை கூடினாலே செய்தி தடைப்படலாம். காலுக்கும் அதே கதிதான். காலையில் குளிர்ந்த அறையில் பத்து அடி நடந்து காட்டும்போது நன்றாக எழும் கால், மே மாத மதியத்தில் பேருந்து நிறுத்தம் வரை நடந்ததும் தேய்க்கத் தொடங்கும். குளிர்ந்தால் திரும்ப வரும். அது நோய் முற்றியதற்கு அடையாளம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், வீணாகப் பயந்துபோகிறார்கள்.

ஆகவே கருவிக்கு அளவெடுக்கப் போகிறவர்கள் காலையில் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டாம். மாலை நேரம் கேட்டு வாங்கி, போவதற்கு முன் அரை கிலோமீட்டராவது, முடிந்த அளவு நடந்துவிட்டு, கால் சோர்ந்த நிலையில் போக வேண்டும். பிசியோதெரபிஸ்ட் பாதத்தை மட்டும் தொட்டுப் பார்த்தால், உட்கார்ந்தபடி தொடையை எவ்வளவு தூக்க முடிகிறது, எத்தனை முறைக்குப் பிறகு நின்றுவிடுகிறது என்பதையும் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தேய்ந்த செருப்பைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். நுனி மட்டும் தேய்ந்திருக்கிறதா, வெளி ஓரமும் சேர்ந்து தேய்ந்திருக்கிறதா என்பதிலிருந்து பாதம் தொங்குகிறதா, உள்பக்கம் திரும்பியும் இறங்குகிறதா என்று அவர் கண்டுகொள்வார்.